படமும் பட்டியலும்: கொழும்புத் தமிழர் கேட்கவேண்டிய கேள்வி

இலங்கைப் பிரஜைகள் ஒவ்வொருவரதும் முகத்தோற்றம், கைவிரல் அடையாளம், கருவிழிப் பதிவு ஆகியவற்றை ஒரே தரவுத்தளத்தில் சேர்த்து, அதன் அடிப்படையில் டிஜிட்டல் அடையாள அட்டை வழங்கும் திட்டம் இந்தியாவின் நிதியுதவியுடன் முன்னெடுக்கப்பட்டு வருகின்றது. தென்னிலங்கையில் இத்திட்டத்திற்கு எதிராக எழுந்த குரல்கள் பெரும்பாலும் ஒரேயொரு அச்சத்தையே வெளிப்படுத்தின. எமது மக்களின் தரவுகள் இந்தியாவின் கைக்குப் போய்விடும் என்பதே அது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ் மக்களுக்கு இருக்கும் அச்சம் அதுவல்ல. தரவுகள் அயல்நாட்டின் கைக்குப் போகுமா என்பதற்கு முன்னர், உள்நாட்டில் அவை யாருடைய கையில் இருக்கும், எதற்குப் பயன்படும் என்பதையே அவர்கள் அறிய விரும்புகின்றனர். இது நவீன தொழில்நுட்பத்தின் மீதான வெறுப்பு அல்ல. பட்டியல்களோடு இந்நகரத் தமிழருக்கு உள்ள நீண்ட, கசப்பான பரிச்சயத்தின் விளைவு.

1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் இறங்கிய கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன என்பது அக்காலத்திலேயே பலராலும் பதிவு செய்யப்பட்ட உண்மை. எந்த ஒழுங்கையில் எத்தனையாம் இலக்க வீடு தமிழருடையது என்பதை அவர்கள் தேடித் திரியவேண்டியிருக்கவில்லை. மக்கள் தமது பிரதிநிதிகளைத் தெரிவு செய்வதற்காக அரசு தயாரித்த பட்டியல், வீடுகளுக்குத் தீ வைப்பதற்கான வழிகாட்டியாக மாறியது. பெண்கள் நெற்றிப் பொட்டை அழித்துக்கொண்டு வீதியைக் கடந்த நாட்கள் அவை.

போர்க்காலத்தில் பட்டியலின் பணியை அடையாள அட்டை ஏற்றது. தெற்கில் வழங்கப்பட்ட அட்டைகளில் சிங்களம் மட்டுமே இருந்தது. வடக்குக் கிழக்கில் வழங்கப்பட்டவற்றில் தமிழும் இடம்பெற்றது. ஆகவே காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஒருவர் வாய் திறப்பதற்கு முன்னரே அட்டை பேசிவிடும். அத்துடன் பொலிஸ் பதிவும் சேர்ந்துகொண்டது. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, வீட்டில் தங்கியிருப்போரின் விபரத்தைக் கோரும் அதிகாரத்தைப் பொலிஸாருக்கு அளிக்கின்றது. நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம்தான். ஆனால் அதன் கண்கள் எந்தெந்த வீதிகளை நோக்கித் திறந்திருந்தன என்பதை இப்பகுதிகளில் வாழ்ந்தவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

இதன் உச்சம் 2007 ஜூன் 7ஆம் திகதி நிகழ்ந்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வத்தளை ஆகிய இடங்களிலுள்ள லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள், அவர்களில் 85 பேர் பெண்கள், அதிகாலையில் எழுப்பப்பட்டு பஸ்களில் ஏற்றப்பட்டனர். கொழும்பில் தங்குவதற்கு அவர்களிடம் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லப்பட்டது. வெளிநாடு செல்லக் காத்திருந்தவர்களும் சிகிச்சைக்கென வந்தவர்களும் வேலை தேடி வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க இது பெரிய தவறு என்று ஏற்று வருத்தம் தெரிவித்தார். ஆனால் 2008 செப்டெம்பரில், வட மாகாணத்திலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் தலைநகருக்கு வந்தவர்கள் அனைவரும் பொலிஸில் பதியவேண்டும் என்ற அடுத்த அறிவிப்பு வந்தது. பாடசாலை மண்டபங்களின் முன்னே கைக்குழந்தைகளுடனும் முதியவர்களுடனும் மக்கள் வரிசையில் நின்றனர். தமது சொந்த நாட்டின் தலைநகரில் தாம் இருப்பதை அறிவிப்பதற்காக!

போர் முடிந்தபின்னும் படிவங்கள் நின்றுவிடவில்லை. 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கொழும்பின் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளில் பொலிஸார் மீண்டும் குடியிருப்போர் விபரப் படிவங்களை விநியோகித்தபோது, மனோ கணேசன் அதனைப் பகிரங்கமாக ஆட்சேபித்தார்.

இது பட்டியலின் கதை. படத்தின் கதை வேறு விதமானது.

அதிகாரம் எம்மைப் பட்டியலில் பார்க்கின்றது. தன்னையோ எமக்குப் படமாகக் காட்டுகின்றது. 2009 மே மாதத் திகதியிட்டு அவ்வாண்டு நவம்பரில் வெளியிடப்பட்ட ஆயிரம் ரூபா நாணயத்தாளின் ஒரு பக்கத்தில் மகிந்த ராஜபக்ஷ கைகளை உயர்த்தி நின்றார். மறுபக்கத்தில் படையினர் கொடியேற்றினர். போரில் பிள்ளைகளை இழந்த குடும்பமும் அந்தத் தாளைக் கொடுத்தே அரிசி வாங்கவேண்டியிருந்தது. அதன் பின்னர் வந்த ஆண்டுகளில் சந்திகள்தோறும் எழுந்த ஆளுயர உருவங்களை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். 2019 நவம்பரில் பதவியேற்ற கோட்டாபய ராஜபக்ஷ, அரச அலுவலகங்களில் தலைவர்களின் படங்களுக்குப் பதிலாக அரச இலச்சினையே இருக்கவேண்டும் என்று பணித்தபோது பலர் பாராட்டினர். ஆனால் அதே வாரங்களில் நாடெங்கும் இளைஞர்கள் தீட்டிய சுவரோவியங்களில் சிங்கள மன்னர்களும் படைவீரர்களும் நிறைந்திருந்தனர். தலைவரின் முகம் சுவரிலிருந்து இறங்கியது. அவர் எந்தச் சமூகத்தின் தலைவராகத் தம்மை எண்ணினாரோ அந்தச் சமூகத்தின் முகம் அச்சுவரில் ஏறியது.

தமிழருக்கும் இப்படத்தில் இடம் ஒதுக்கப்படாமலில்லை. அலரி மாளிகையில் பொங்கல் பானை பொங்கியது; அமைச்சர்கள் வேட்டி உடுத்துக் குத்துவிளக்கேற்றினர். 2016 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது, 2020இல் அது நிறுத்தப்பட்டது, பின்னைய ஆண்டுகளில் மீண்டும் ஒலித்தது. ஒரு மக்களின் மொழி அவர்களது உரிமையாக அன்றி ஆட்சியாளரின் மனநிலையாக இருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எமது பங்கையும் சொல்லவேண்டும். காலி வீதியிலும் செட்டியார் தெருவிலும் கடைக்குள் நுழைபவர் கல்லாவுக்குப் பின்னால் இலட்சுமி படத்தைக் காண்பார். அதன் பக்கத்தில், கடை முதலாளி ஓர் அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தும் புகைப்படத்தையும் காண்பார். ஆட்சி மாறினால் படமும் மாறும். இலட்சுமி மட்டும் மாறுவதில்லை. இதனை வெறும் பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. பொலிஸாரோ மாநகர சபை உத்தியோகத்தரோ வாசலில் வந்து நிற்கும்போது காட்டுவதற்கான கவசம் அது. சட்டம் காக்காத இடத்தில் படம் காக்கும் என்ற நம்பிக்கை. கோயில் பரிபாலன சபைகளும் சங்கங்களும் இதே வழியில் சென்று, ஆண்டு மலர்களின் முதற் பக்கங்களை அதிகாரத்தின் முகங்களுக்கு ஒதுக்கி வந்துள்ளன.

அக்கவசம் எவ்வளவு வலிமையானது? சிங்களத் திரைப்படத் துறையின் முன்னணித் தயாரிப்பாளராக விளங்கியவர் கே. குணரட்ணம் என்ற தமிழர். சிங்கள மக்கள் கண்டு மகிழ்ந்த எத்தனையோ படங்கள் அவரது முதலீட்டில் உருவானவை. ஹெந்தளையில் இருந்த அவரது விஜயா ஸ்ரூடியோ 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது. கொழும்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த தி. மகேஸ்வரனின் பாதுகாப்பு, அவர் வரவு செலவுத் திட்டத்திற்கு எதிராக வாக்களித்த பின்னர் குறைக்கப்பட்டது. 2008 புத்தாண்டு நாளில் அவர் கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்விடயத்தில் இந்தோனேசியாவின் அனுபவம் எமக்கு அந்நியமானதன்று. சுகார்ட்டோ ஆட்சியில் சீன வம்சாவளியினர் தமது பண்டிகைகளைப் பொது இடத்தில் கொண்டாட 1967ஆம் ஆண்டு ஆணையொன்றின் மூலம் தடை விதிக்கப்பட்டது. தாம் அந்நாட்டுப் பிரஜைகளே என்பதை நிரூபிக்கும் தனிச் சான்றிதழையும் அவர்கள் காட்டவேண்டியிருந்தது. அவர்களுள் பெரும் வணிகர் சிலர் இராணுவத் தளபதிகளுடன் நெருங்கிய உறவு பேணினர். 1998 மே மாதம் ஜகார்த்தா எரிந்தபோது, சுகார்ட்டோவின் மிக நெருங்கிய வர்த்தக நண்பரான லியெம் சியோ லியோங்கின் இல்லமே சூறையாடப்பட்டது. சாதாரணக் கடைக்காரர்கள் தமது கதவுகளில் "மண்ணின் மைந்தருக்குச் சொந்தமானது" என்று எழுதிவைத்து உயிர் பிழைக்க முயன்றனர். வெள்ளவத்தையில் அழிக்கப்பட்ட பொட்டும் ஜகார்த்தாவில் எழுதப்பட்ட வாசகமும் வேறு வேறல்ல.

2000ஆம் ஆண்டில் ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹித் அத்தடையை நீக்கினார். 2003 முதல் சீனப் புத்தாண்டு தேசிய விடுமுறையாயிற்று. சிங்க நடனம் கடைத்தொகுதிகளுக்குத் திரும்பியது. எனினும் ஜகார்த்தாவின் ஆளுநராக இருந்த, சீன வம்சாவளியைச் சேர்ந்த கிறிஸ்தவரான அஹோக் 2017இல் தேர்தலில் தோற்று, மத நிந்தனைக் குற்றச்சாட்டில் இரண்டாண்டு சிறைத்தண்டனையும் பெற்றார். பண்டிகையில் இடம் கிடைப்பதும் அதிகாரத்தில் பாதுகாப்புக் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை அலரி மாளிகைப் பொங்கலைப் பார்த்த நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. சுகார்ட்டோ ஆட்சியின் இறுதிக் காலத்தில் ஜனநாயகச் செயற்பாட்டாளர்களை இராணுவச் சிறப்புப் படையினர் கடத்தினர். 13 பேர் இன்றுவரை திரும்பவில்லை. இதன் தொடர்பில் 1998இல் இராணுவத்திலிருந்து விலக்கப்பட்ட பிரபோவோ சுபியாந்தோ, 2024 தேர்தலில் நடனமாடும் அன்பான தாத்தாவாக, கன்னம் உப்பிய கேலிச்சித்திர உருவமாக இளைஞர் முன் தோன்றி ஜனாதிபதியானார். கொழும்பையும் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த 11 பேர் 2008-2009 காலப்பகுதியில் கடத்தப்பட்டமை தொடர்பான கடற்படை வழக்கு எமது வாசகர்கள் அறிந்தது. முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட குற்றச்சாட்டுகளை மறுத்து வந்துள்ளார். அவருக்கு எதிரான வழக்கைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் 2021இல் அறிவித்தார். அவ்வாண்டு முடிவதற்குள் அவர் வடமேல் மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார்.

இவ்விரு நாடுகளிலும் மூன்றாவது வகைப் படமொன்று இருக்கின்றது. ஜகார்த்தாவில் ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே 2007 ஜனவரி முதல் வியாழக்கிழமைகளில் கறுப்புக் குடைகளுடன் நிற்கும் குடும்பங்களிடமும், 2017 முதல் வடக்கில் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்திருக்கும் தாய்மாரிடமும் அது இருக்கின்றது. அது காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் அடையாள அட்டைக்காக எடுத்த படத்தின் பெருப்பிக்கப்பட்ட பிரதி. பிள்ளை இருந்தது என்பதற்கு அரசே கொடுத்த அத்தாட்சியை அரசிடமே திருப்பிக் காட்டுகின்றனர்.

2022இல் காலிமுகத்திடலில் ஒரு மாற்றம் தென்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வாண்டு மே 18ஆம் திகதி அங்கே முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடைபெற்றது; சிங்கள இளைஞர்களும் கஞ்சியை வாங்கிக் குடித்தனர். எனினும் வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளில் இருந்து அதனைப் பார்த்தவர்களில் பலர் இறங்கிச் செல்லவில்லை. கொட்டாஞ்சேனையின் தோட்டங்களில், ஒற்றை அறையில் குடும்பமாக வாழ்பவர்களுக்கோ எரிவாயு வரிசையில் நிற்பதற்கே நாள் போதவில்லை. "கொழும்புத் தமிழர்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் யாழ்ப்பாணத்து ஓய்வூதியரும் மலையகத்திலிருந்து கடைச் சிப்பந்தியாக வந்த இளைஞரும் கொச்சிக்கடைக் கத்தோலிக்கரும் அடக்கப்படுகின்றனர். லொட்ஜில் இருந்து ஏற்றப்பட்டவர் எவர், சொந்தத் தொடர்மாடி உறுதியைக் காட்டித் தப்பியவர் எவர் என்பதை நோக்கினால் பட்டியலும் வர்க்கம் பார்த்தே செயற்பட்டது தெரியவரும்.

இப்போது முகம், விரல், கண் மூன்றும் கேட்கப்படுகின்றன. படமும் பட்டியலும் முதன்முறையாக ஒன்றாகின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது உண்மையே. அதன் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வருவது 2025இல் பிற்போடப்பட்டதும் உண்மையே. பூட்டு வாங்குவதற்கு முன்னர் பெட்டகத்தை நிரப்புவது எந்த வீட்டிலும் வழக்கமில்லை. இந்தோனேசியாவில் இலத்திரனியல் அடையாள அட்டைத் திட்டத்தில் அரசுக்கு 2.3 டிரில்லியன் ரூபியா நட்டம் ஏற்பட்டு, பாராளுமன்ற சபாநாயகராக இருந்த செத்யா நொவாந்தோ 2018இல் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றதையும் இங்கு நினைவூட்டுவது பொருத்தமானது.

புதிய தரவுத்தளத்தைப் பற்றிப் பேசும் அரசாங்கம் பழையவற்றுக்கு முதலில் கணக்குக் காட்டவேண்டும். போர்க்காலத்தில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்கப்பட்ட குடும்ப விபரப் படிவங்கள் இன்று எங்கே உள்ளன? அழிக்கப்பட்டனவா, வேறு பிரிவுகளுக்கு மாற்றப்பட்டனவா? 2023இல் சேகரிக்கப்பட்டவை எந்தத் தேவைக்காகப் பேணப்படுகின்றன? 76ஆம் பிரிவு இனிமேலும் அதே வீதிகளில் மட்டும்தான் உயிர்பெறுமா? கொழும்பு மாவட்டத் தமிழ் வாக்குகளைப் பெற்றுப் பாராளுமன்றம் சென்றோர், ஆளுங்கட்சியாயினும் எதிர்க்கட்சியாயினும், இக்கேள்விகளை அடுத்த அமர்விலேயே பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சரிடம் எழுத்தில் கேட்கலாம். அதற்கான பதில் ஹன்சார்ட்டில் பதிவாகட்டும்.