பெஞ்சும் சுதந்திரமும்

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரைச் சுற்றுக் கிராமங்களிலும் பிழைப்புக்காக வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பு பற்றி இரண்டு கவலைகள் உண்டு. எந்த மொழியில் படிக்க வைப்பது என்பது ஒன்று. படித்து வாங்கும் சான்றிதழ் எல்லைக்கு இரு புறமும் செல்லுபடியாகுமா என்பது மற்றொன்று. மணி அடிக்காத, பரீட்சை வைக்காத, எதைப் படிப்பது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கிற "சுதந்திரப் பள்ளி" பற்றிய பேச்சு எழும்போது, "அதெல்லாம் வசதி படைத்தவர்கள் விவகாரம்" என்று இவர்கள் ஒதுக்கிவிடுவது இயல்பே. எனினும், ஒதுக்குவதற்கு முன் சிந்திக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் இந்த மண்ணின் வரலாறு. நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, 1904-இல் தம் மக்களுக்காகச் சொந்தமாகவே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். ஆதிக்கச் சாதியினர் அதைக் கொளுத்தினார்கள். அரசுப் பள்ளிகளில் இடம் கேட்டபோது, அரசாங்கம் உத்தரவு போட்டும் கதவு திறக்கவில்லை. "எங்கள் பிள்ளைகள் படிக்காவிட்டால் உங்கள் வயலில் வேலை நடக்காது" என்று விவசாயக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தனர். பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் அழைத்துச் சென்று அமர வைத்தபோது அந்தப் பள்ளியும் எரிக்கப்பட்டது. அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் அப்பள்ளிக்குச் சூட்டுவதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே, கூலிக்காரன் போராடிப் பெற்றது பள்ளிக்கூடத்தின் பெஞ்சு. அந்தப் பெஞ்சில் உட்காரத் தேவையில்லை என்று அவன் வாரிசுகளிடம் யாராவது சொன்னால், அவர்கள் சந்தேகத்துடன் பார்ப்பதில் தவறு இல்லை.

பிள்ளைகளுக்கும் ஒரு வாக்கு

இவ்வகைப் பள்ளிகளில் உலகப் புகழ் பெற்றது இங்கிலாந்தின் சம்மர்ஹில். ஏ.எஸ். நீல் 1921-இல் தொடங்கியது. அங்கே வகுப்புக்குப் போவதும் போகாமலிருப்பதும் மாணவர் விருப்பம். பள்ளியின் விதிகளைப் பொதுக்கூட்டம் தீர்மானிக்கிறது. அதில் சிறு பிள்ளைக்கும் ஒரு வாக்கு, தலைமையாசிரியருக்கும் ஒரு வாக்கு. 1999-இல் அரசு ஆய்வாளர்கள் குறை கண்டு, பள்ளி தொடர முடியாத நிலை ஏற்பட்டபோது, வழக்கு நடுவர் மன்றம் வரை சென்றது. 2000-இல் உடன்பாடு எட்டியது. அதை ஏற்பதா வேண்டாமா என்று நீதிமன்றக் கட்டடத்திலேயே மாணவர்கள் கூட்டம் போட்டு வாக்களித்து முடிவு செய்தார்கள். இது வியப்பூட்டும் செய்திதான். ஆனால் சம்மர்ஹில் கட்டணம் வாங்கும் பள்ளி. அங்கு படித்துவிட்டு வழி தவறினாலும், தாங்கிப் பிடிக்கக் குடும்பத்துக்கு வசதி உண்டு.

அப்படியானால் ஏழைப் பிள்ளைக்கு இது பொருந்தாதா? கேரளத்தின் வயநாடு வேறு விடை சொல்கிறது. நடவயலில் 1994-இல் நாடகாசிரியர் கே.ஜே. பேபி தொடங்கிய "கனவு" பணக்காரப் பிள்ளைகளுக்கானதல்ல. பணியர் முதலிய ஆதிவாசிகளின் பிள்ளைகளுக்கானது. அவர்களுக்கு அரசுப் பள்ளியில் பெஞ்சு கிடைக்கத்தான் செய்தது. ஆனால் வீட்டில் பேசும் மொழி வகுப்பில் இல்லை; பாட்டன் பாட்டு பாடப் புத்தகத்தில் இல்லை; ஏளனம் மட்டும் இருந்தது. பிள்ளைகள் இடையிலேயே நின்றுவிட்டனர். "கனவு" பாட்டையும் களரியையும் விவசாயத்தையும் கல்வியாக்கியது. பின்னாளில் நிர்வாகத்தையே மூத்த மாணவர்களிடம் ஒப்படைத்துவிட்டு பேபி விலகிக்கொண்டார். 2024-இல் அவர் காலமானார்.

பெஞ்சு கிடைத்தும் வாய் திறக்க முடியாத பிள்ளையின் நிலை, வீட்டில் தமிழும் வகுப்பில் மலையாளமும் என்று வளரும் எல்லைப்புறப் பிள்ளைக்குப் புதிதல்ல. கேரளத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியுள்ளது. மலையாளம் கற்பது இங்கு வாழ்வோருக்கு நன்மையே. ஆனால் சொல்ல நினைப்பதைத் தயக்கமின்றிச் சொல்ல ஒரு மணி நேரமாவது பள்ளியில் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. பிள்ளையின் பேச்சுக்குச் செவிசாய்ப்பதே சுதந்திரப் பள்ளியின் சாரம் என்றால், அது ஆடம்பரம் அல்ல, அத்தியாவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். 2010 ஏப்ரல் முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, அங்கீகாரம் பெறாமல் பள்ளி நடத்தக் கூடாது. மீறினால் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை. கட்டட வசதியும் ஆசிரியர் தகுதியும் இல்லாத மோசடிப் பள்ளிகளைத் தடுக்க வந்த இந்த விதி, சிறிய சோதனைப் பள்ளிகளின் கழுத்தையும் சேர்த்தே பிடிக்கிறது.

அதே சட்டம் வேறு வாசல்களையும் திறந்து வைத்திருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளை எந்தப் பள்ளியிலும் படித்திராவிட்டாலும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பின்தங்கியிருந்தால் தனிப் பயிற்சி அளிக்க வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஊர் மாறி வரும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதையும் காரணமாகக் காட்டக் கூடாது. இடம் பெயர்ந்து உழைக்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய விதிகள் இவை. 14 வயது ஆனபின், தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுத முடியும்.

ஆயினும் பாலம் முழுமையானது அன்று. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தோருக்கு 2010 முதல் 20 சதவீத இடஒதுக்கீடு உண்டு. 2020-இல் வந்த திருத்தத்தின்படி, பள்ளிப் படிப்பு முழுவதையுமே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். வகுப்பு வாரியாகச் சான்று தர முடியாத பள்ளியில் பிள்ளை செலவிடும் ஆண்டுகள் பிற்காலத்தில் கணக்கில் வராமல் போகலாம். சுதந்திரத்தின் பலனைப் பேசுவோர் இந்த நஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும்.

அரசுப் பள்ளிக்குள் வந்த அனுபவம்

வழி ஒன்று உண்டா? தமிழ்நாட்டில் நடந்த ஒரு முயற்சியை நினைவுகூரலாம். கர்நாடகத்தின் கோலார் பகுதியில் டேவிட் ஹார்ஸ்பர்க் 1972-இல் நடத்தத் தொடங்கிய நீல்பாக் சிறிய கிராமப் பள்ளி. வகுப்புப் பிரிவினையோ பரீட்சையோ இல்லாமல், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் கற்ற இடம். அந்தச் சிந்தனை ஆந்திரத்தின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகள் வழியாக 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளுக்கு வந்தது. செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2007-இல் தமிழ்நாடு முழுவதும் பரவியது. எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளும் பாட அட்டைகளைத் தாங்களே எடுத்து, ஆசிரியருடன் தரையில் அமர்ந்து படித்தார்கள். இதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்கும் பங்கம் இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. எந்த வேகத்தில் படிப்பது என்பது பிள்ளையின் கையில் இருந்தாலும், எதைப் படிப்பது என்பதை அட்டைதான் தீர்மானித்தது. பின்னர் அந்த முறை உருமாறி, 2022-இல் "எண்ணும் எழுத்தும்" என்ற வேறு திட்டம் வந்தது. என்றாலும், சின்னஞ்சிறு பள்ளியில் முளைத்த எண்ணம் கூலிக்காரன் பிள்ளையை எட்ட முடியும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

சுதந்திரப் பள்ளியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அது நல்லதா கெட்டதா என்பதல்ல. சோதனை தோற்றால் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதே. அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாத குடும்பம், அங்கீகாரமும் மாற்றுத் தேர்வும் உண்டா என்று விசாரித்த பிறகே பிள்ளையை அனுப்ப வேண்டும். அதே சமயம், அருகிலுள்ள அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் நிர்வாகக் குழு உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் வகுத்திருக்கிறது. அந்த நாற்காலிகளில் தமிழ்ப் பெற்றோரும் போய் உட்கார வேண்டும். பிள்ளைகளின் குரல் அங்கே ஒலிக்க வேண்டும் என்று கேட்க வேண்டும்.

பஞ்சமியின் தலைமுறைக்குப் பெஞ்சு தேவைப்பட்டது. இன்றைய பிள்ளைக்கு அந்தப் பெஞ்சில் அமர்ந்து அச்சமின்றிப் பேசும் உரிமை தேவைப்படுகிறது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிக்காத ஏற்பாடுதான் உழைப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு உகந்தது.