ஒரு குருதி, இரண்டு எண்கள்

கொலஸ்திரோல் பரிசோதனைக்கு எடுக்கும் குருதியை அரைமணி நேரம் உறையவிட்டுச் சுழற்றினால் மேலே தெளிவது சீரம். உறையாமற் காக்கும் பொருளைச் சேர்த்துச் சுழற்றினாற் கிடைப்பது பிளாஸ்மா. இரண்டிலும் கொலஸ்திரோலை அளக்கலாம். ஆயின், எண் ஒன்றாயிராது.

ஊதாநிற மூடியிட்ட குழாயிலுள்ள ஈ.டி.ரி.ஏ. என்னும் உப்பு, செங்குருதிக் கலங்களிலிருந்து நீரை வெளியே இழுக்கின்றது. மாணவர் பள்ளியிற் பயிலும் பிரசாரணமே இது. அந்நீர் கலந்து பிளாஸ்மா ஐதாவதால், கொலஸ்திரோல் சீரத்திற் காண்பதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கு குறைந்து தோன்றும். அமெரிக்காவின் தேசியக் கொலஸ்திரோற் கல்வித் திட்டத்தார் இத்தகைய பிளாஸ்மா எண்ணை 1.03 ஆற் பெருக்குமாறு கூறியது இதனாலேயே. பச்சை மூடிக் குழாயிலுள்ள ஹெப்பாரினில் இவ்வேறுபாடு பெரிதன்று.

100 மில்லிலீற்றர் குருதியில் 200 மில்லிகிராமுக்குக் குறைவாயிருத்தல் நன்று என்பர். பிளாஸ்மாவில் 196 என வந்தது சீரத்தில் 202 ஆகலாம். எனவே, தந்தையாருக்குச் சென்ற முறை 196, இம்முறை 202 என்று அறிக்கை வந்தால், உணவையும் சமைத்தவரையும் குறை கூறுமுன், இரண்டும் ஒரேவகை மாதிரியா என ஆய்வுகூடத்தாரைக் கேட்டறிதல் வேண்டும். முப்பது, நாற்பது ஏறியிருப்பின் குழாயைப் பழித்துப் பயனில்லை. வைத்தியரைக் காண்பதே தக்கது.