குடவோலை ஊரிலிருந்து ஒரு கேள்வி



உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். வகுப்பில் நானும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். இன்று வேறொன்று சொல்கிறேன்.

போன மாதம், என்னிடம் படித்த ஒரு பெண் நிறைமாத மகளோடு நள்ளிரவில் ஒரு மருத்துவமனை வாசலில் நின்றாள். "இங்கே பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார்களாம். தாயும் பிள்ளையும் பிழைத்தது தெய்வச் செயல். தெய்வத்தை நம்பியா பிரசவம் பார்ப்பது?

தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. உண்மை. 2008-ல் வந்த 108 வண்டியும், முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாயும் பெரிய உதவி. மறுக்கவில்லை. ஆனால் எத்தனை கிலோமீட்டர் அலைந்து பெற்றாள் என்று அந்தக் கணக்கில் வராது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம் பார்ப்பார்கள். சிசேரியன் என்றால் மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், இரத்தம் மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். ஒன்று இல்லையென்றாலும் காஞ்சிபுரம் அல்லது செங்கல்பட்டு, சுமார் 30 கி.மீ. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு மிஞ்சினால் இரண்டு மணி நேரத்தில் உயிரே போய்விடலாம்.

"வண்டிதான் இருக்கிறதே சார்" என்பவர்களுக்கு: வண்டி மருத்துவர் ஆகாது.

கிராமங்களில் இருப்பவர்கள் அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தாலுகா மருத்துவமனையில் இந்த மூன்றும் இரவு பகல் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஆள்பவருக்கே தகுதி எழுதி வைத்த ஊர் இது. வாய்மூடி இருக்கலாமா?