ஒளிநாடாவுக்குப் பூட்டு! சாவி யாரிடம்?

“அந்தப் பழைய வீடியோ காமிராவைக் காயலான் கடையில் போட்டுவிட்டு நல்ல செல்போன் ஒன்று வாங்குங்கள், தோழர்!”

சென்ற மாதம் நம் சங்க அலுவலகத்துக்கு வந்த வாலிபத் தோழர் ஒருவர் நமக்குச் சொன்ன புத்திமதி இது. சொன்னவர் நல்லவர், உழைப்பவர். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது அவருடைய சொந்த வார்த்தையல்ல. கடைக் கண்ணாடிகளிலும் பத்திரிகை விளம்பரங்களிலும் பல வருஷங்களாக ஒட்டப்பட்டு வரும் வார்த்தை. ஆகவே அவருக்கு மட்டுமன்றி, அந்த வார்த்தையை அச்சடித்துக் கொடுத்த கனவான்களுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறோம்.

காமிராவைப் பற்றி முதலில் சில வார்த்தைகள். 2008-ல் சங்கத்து ஆட்கள் பத்தும் ஐம்பதுமாகப் போட்ட பணத்தில் வாங்கியது அது. ஒரு கையில் அடங்கும். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய காஸெட்டைத் தின்னும். அதற்குள் 6.35 மில்லிமீட்டர் அகலமுள்ள நாடா. ஒரு காஸெட் ஒரு மணி நேரம் ஓடும். படம் 1,440-க்கு 1,080 புள்ளிகள். முகத்தின் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரியும். பெரிய ஸ்டூடியோக்காரர்களிடம் மட்டுமே இருந்த தெளிவு முதன்முறையாக ஏழையின் கைக்கு வந்தது. அதை நாம் மறுக்கவில்லை, மகிழ்ந்தோம்.

இன்று நம் பீரோவில் எழுபது காஸெட்டுகள் இருக்கின்றன. செங்கல் சூளையில் முன்பணக் கடனுக்குக் கட்டுண்டு கிடந்த குடும்பங்கள், கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை நடந்த இரவு, வெள்ளத்தில் கரைந்த குடிசை வரிசை – எல்லாம் அதில் உள்ளன. ஒரு காஸெட்டில் விவசாயக் கூலித் தாய் ஒருவர் ஒரு மணி நேரம் தன் வாழ்க்கையைச் சொல்கிறார். அந்தத் தாய் இன்று இல்லை. அவர் வீட்டில் அவருடைய புகைப்படம்கூட இல்லை.

அவருடைய பேத்தி வந்தாள். “எங்க அப்பாயி பேசினது உங்ககிட்ட இருக்குதாமே தோழர், ஒரு தடவை கேட்கணும்” என்றாள்.

காஸெட்டைப் போட்டோம். காமிரா வாங்கிக்கொண்டது, ஓட மறுத்தது. பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப் போனோம். “பார்ட்ஸ் வர்றதை நிறுத்தி வருஷமாச்சு சார்” என்று கையை விரித்தார்கள். கல்யாண வீடியோ எடுக்கும் தொழிலாளி ஒருவரிடம் அதே ரகக் காமிராவை இரவல் வாங்கினோம். படம் வந்தது, குரலும் வந்தது. அந்தச் சின்னத் திரையில் முகத்தைப் பதித்து அந்தப் பெண் அழுதாள். “எனக்கு ஒரு காப்பி கொடுங்க” என்றாள். கொடுக்கலாம் என்றால், புதிய மடிக்கணினியில் காமிராவின் கம்பியைச் செருகத் துளையே இல்லை!

நாடா கெடவில்லை. படம் அழியவில்லை. ஆயினும் கொடுக்க முடியவில்லை. இதற்கு யார் காரணம்?

மூன்றே வருஷத்து வாக்குறுதி

சரித்திரத்தைப் பார்ப்போம். 2003-ல் சோனி, கானன், ஜேவிசி, ஷார்ப் என்ற நான்கு ஜப்பானியக் கம்பெனிகள் சேர்ந்து எச்.டி.வி. என்ற முறையை அறிவித்தன. முன்பே வழக்கிலிருந்த சிறிய டேப்பிலேயே உயர்தெளிவுப் படத்தைப் பதியும் முறை இது. 2005-ல் சோனியின் எச்சி1 காமிரா வந்தது. அமெரிக்காவில் விலை சுமார் 2,000 டாலர். 2007-ல் கானனின் எச்வி20 சுமார் 1,100 டாலருக்கு வந்தது. விலை இறங்கியது, சாதாரண ஜனங்கள் நம்பி வாங்கினார்கள்.

ஆனால் 2006-லேயே, அந்த நால்வரில் ஒருவரான சோனி, பானசோனிக் கம்பெனியுடன் சேர்ந்து ஏ.வி.சி.எச்.டி. என்ற வேறு முறையை அறிவித்துவிட்டது. டேப் வேண்டாம், வட்டிலும் நினைவு அட்டையிலும் பதியலாம் என்றார்கள். மூன்று வருஷம்! ஒரு தென்னங்கன்று காய்க்கும் காலம்கூட இல்லை. 2009-ல் கானனின் எச்வி40 வந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் வீட்டு உபயோகக் காமிரா வரிசையில் டேப் மறைந்தே போயிற்று.

அடுத்து வந்தது கம்பியின் கதை. இந்தக் காமிராக்களைக் கணினியோடு இணைப்பது ஃபயர்வயர் என்ற இணைப்பு. அதை வளர்த்தெடுத்ததில் முதன்மையான கம்பெனி ஆப்பிள். பின்னர் அதே கம்பெனி தன் புதிய கணினிகளிலிருந்து அந்தத் துளையைப் படிப்படியாக நீக்கியது. கடைசியில் 2025-ல் வெளியிட்ட டஹோ என்ற இயங்குதளத்தில் அந்த இணைப்புக்கான ஆதரவையே கைவிட்டது. கதவைச் செய்தவனே கதவை எடுத்துவிட்டுச் சுவர் வைத்துவிட்டான்.

“முன்னேற்றம்” என்ற பசப்பு

“விஞ்ஞானம் முன்னேறுகிறது, பழையது போகும், புதியது வரும். இதற்கு ஏன் கூப்பாடு?” என்று கேட்கிறார்கள்.

நாம் புதியதற்கு விரோதிகளா? இல்லவே இல்லை. நினைவு அட்டை சௌகரியமானது. செல்போனில் நாமும் படம் எடுக்கிறோம். டேப்பின் குறைகளையும் நாம் மறைக்கவில்லை. பழைய டி.வி. முறையில் நாடாவில் தூசு பட்டால் படத்தில் ஒரு சிறு கட்டம் சிதறும். எச்.டி.வி.யில் பத்துப் பன்னிரண்டு படங்களை ஒரு கொத்தாகச் சுருக்கிப் பதிவதால், அதே தூசு அரை விநாடிப் படத்தையே உறைய வைத்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் பட்டால் காமிரா வேலைநிறுத்தம் செய்யும். ஒரு மணி நேரப் படத்தைக் கணினிக்கு மாற்ற முழுதாக ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். எல்லாம் உண்மை.

ஆனால் கேட்கிறோம்: புதியது வருவதற்காகப் பழையதன் வாயைக் கட்ட வேண்டுமா? நம் ஊரில் மீட்டர் கேஜ் ரயில் பாதையை அகலப் பாதையாக்கினார்கள். பயணிகளை அடுத்த ஜங்ஷனில் வண்டி மாற்றி ஏற்றினார்களே தவிர, நடுக்காட்டில் இறக்கி “புது வண்டிக்குப் புது டிக்கெட் வாங்கு, இல்லையேல் இங்கேயே கிட” என்று சொல்லவில்லை. கம்பெனிகளின் முன்னேற்றம் நம்மை நடுக்காட்டில் இறக்கிவிட்ட முன்னேற்றம்.

காமிராவுக்குள் நிமிஷத்துக்கு 9,000 சுற்றுச் சுழலும் உருளையைத் தொழிலாளியின் கை எவ்வளவு நுட்பமாகச் செய்தது! அதைச் செய்யும் அறிவு மறைந்து போகவில்லை. உதிரி பாகத்தில் லாபம் இல்லை என்பதால் செய்வதை நிறுத்தினார்கள். சரி, நிறுத்துங்கள். அந்தப் பாகத்தின் வரைபடத்தையும் பழுதுபார்க்கும் கையேட்டையும் பொதுவில் போட்டுவிட்டு நிறுத்துவதில் என்ன நஷ்டம்? கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்த கைகள் நம் நாட்டில் எத்தனை இருக்கின்றன! அவர்கள் செய்து கொள்வார்கள். அதற்கும் மனமில்லை என்றால், அவர்கள் விற்பது காமிராவையா, அல்லது அடுத்த காமிராவை வாங்கும் நிர்ப்பந்தத்தையா?

“செல்போனில் எடுத்தால் தானே இணையத்தில் சேர்ந்துவிடுமே!” என்கிறார் வாலிபத் தோழர். சேரும். யாருடைய கிடங்கில் சேரும்? இடம் நிறைந்தால் மாதவாடகை கேட்பார்கள். வாடகை நின்றால் என்ன ஆகும்? டேப் நம் பீரோவில் இருந்தது. பதினைந்து வருஷங்களுக்கு மேலாக ஒரு காசு வாடகை கேட்கவில்லை. தூரத்திலிருந்து யாரும் அதை அழித்துவிட முடியாது.

யாங்கூன் தெருவில் ஒரு காமிரா

டேப்பின் அருமை தெரிய வேண்டுமானால் பர்மாவைப் பாருங்கள். 2007 செப்டம்பர் 27. யாங்கூன் நகரில் ராணுவ ஆட்சியை எதிர்த்து புத்த பிக்ஷுக்களும் பொதுமக்களும் தெருவில் திரண்டிருந்தார்கள். கெஞ்சி நாகாய் என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர் சிறிய டேப் காமிராவுடன் அங்கே நின்று படம் எடுத்தார். சிப்பாய் அவரைச் சுட்டுக் கொன்றான். காமிரா காணாமற் போயிற்று.

பதினைந்து வருஷங்களுக்குப் பின், 2023 ஏப்ரலில், அந்தக் காமிரா பாங்காக்கில் அவருடைய சகோதரியிடம் ஒப்படைக்கப்பட்டது. ‘பர்மா ஜனநாயகக் குரல்’ என்ற செய்தி நிறுவனம் அதை மீட்டுக் கொடுத்தது. உள்ளே டேப் இருந்தது. டேப்பில் படம் இருந்தது: தெருவில் கோஷமிடும் மக்கள், லாரிகளில் வந்து சேரும் சிப்பாய்கள், காமிராவைத் தன் பக்கம் திருப்பி ராணுவம் வந்துவிட்டது என்று அறிவிக்கும் நாகாய்.

கொன்றவர்களால் அந்தச் சாட்சியத்தைக் கொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த டேப்பை ஓட்ட உலகில் ஏதோ ஒரு யந்திரம் உயிரோடு இருந்ததால்தான் நாகாய் பேசினார். யந்திரம் எல்லாம் காயலான் கடைக்குப் போயிருந்தால்? துப்பாக்கி செய்யாததைச் சந்தை செய்து முடித்திருக்கும்.

நம் தவறும் உண்டு

பிறரைக் குறை கூறிவிட்டு நாம் நழுவப் போவதில்லை. எழுபது காஸெட்டில் இருபதில் தேதியோ ஊரோ எழுதவில்லை. அழிக்க முடியாதபடி செய்யக் காஸெட்டின் ஓரத்தில் ஒரு சிறு தாழ் உண்டு. பலவற்றில் அதைத் தள்ளி வைக்கவில்லை. புது டேப் வாங்கக் காசில்லை என்று ஒரு பொதுக்கூட்டத்தின்மேல் இன்னொரு பொதுக்கூட்டத்தைப் பதித்தோம். முதல் கூட்டம் போனது போனதுதான். வருஷக்கணக்கில் பீரோவைத் திறக்கவேயில்லை.

எச்சரிக்கை வரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலிய தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம் 2015-லேயே, காந்த நாடாக்களை 2025-க்குள் கணினிக்கு மாற்றாவிட்டால் பெரும்பாலானவை கைநழுவிப் போகும் என்று எச்சரித்தது. யுனெஸ்கோவும் 2019-ல் இதே அபாயத்தைக் குறித்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கெடு வந்துவிட்டது, நாம் தூங்கினோம்.

என்ன செய்ய வேண்டும்?

கல்யாண வீடியோத் தொழிலாளி நம்மைக் கைவிடவில்லை. அவருடைய கடை மூலையில் ஃபயர்வயர் அட்டை பொருத்திய பழைய கம்ப்யூட்டர் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. தூசு தட்டி ஓட்டினார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம்; அந்தத் தாய் முழுக்கப் பேசி முடித்தார். இந்தக் கம்பி வழியே மாற்றினால் நாடாவில் உள்ளது ஓர் அணுவும் குறையாமல் கோப்பாகிறது. ஒரு காஸெட்டுக்குச் சுமார் 11 ஜிகாபைட். எழுபதும் சேர்ந்தாலும் ஒரு டெராபைட் வட்டில் அடங்கும். பேத்திக்குப் பிரதி கொடுத்துவிட்டோம். அவள் கொடுக்க வந்த பணத்தை அந்தத் தொழிலாளி வாங்கவில்லை.

ஒரு மனிதரின் நல்ல மனமும் ஒரு பழைய யந்திரமும் சேர்ந்து ஒரு காஸெட்டைக் காப்பாற்றின. நாடெங்கும் பீரோக்களில் கிடக்கும் காஸெட்டுகளுக்கு இது போதுமா? ஆகவே கேட்கிறோம்:

உற்பத்தியை நிறுத்தும் கம்பெனி வரைபடத்தையும் கையேட்டையும் பொதுவில் வைக்கச் சட்டம் வேண்டும். 2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் ‘பழுது நீக்கும் உரிமை’ என்று ஓர் இணையதளம் திறந்தது. தளம் திறப்பது வேறு. கம்பெனியைக் கட்டாயப்படுத்துவது வேறு. ஐரோப்பிய யூனியன் 2024-ல் சட்டமே செய்தது. சலவை யந்திரமும் செல்போனும் அந்தப் பட்டியலில் உண்டு, வீடியோ காமிரா இல்லை.

ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஓடும் நிலையில் ஒரு டேப் யந்திரமும், அதை இணைக்கக்கூடிய ஒரு கணினியும், சம்பளம் பெறும் ஒரு தொழிலாளியும் வேண்டும்.

சங்கங்களே, மாதர் அமைப்புகளே, கலைக்குழுக்களே! நீங்கள் சர்க்காருக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே பீரோவைத் திறவுங்கள். காஸெட்டின் முதுகில் தேதியும் ஊரும் எழுதுங்கள். அழிப்புத் தாழைத் தள்ளி வையுங்கள். ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி அடுக்குங்கள். ஓடுகிற காமிரா யாரிடம் இருக்கிறதோ அவரைத் தேடிப் பிடியுங்கள். மாற்றிய கோப்பை இரண்டு வட்டுகளில், இரண்டு ஊர்களில் வையுங்கள். மாற்றி முடித்தாலும் டேப்பை எறியாதீர்கள்.

புத்திமதி சொன்ன வாலிபத் தோழரே! பழைய காமிராவைக் காயலான் கடையில் போடச் சொன்னீர்கள். மாட்டோம். இன்னும் அறுபத்தொன்பது காஸெட்டுகள் மிச்சம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீடியோக் கடைக்கு வாருங்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஒவ்வொரு முகமாகப் பெயர் எழுத ஆள் வேண்டும்.