வழியனுப்ப எத்தனை வண்டி?



ஹஜ், உம்ராவுக்கும் வளைகுடா வேலைக்கும் புறப்படும் நம்மவர்களில் பலர் சென்னை விமான நிலையத்தின் வழியாகவே செல்கின்றனர். பயணம் செய்பவர் ஒருவரோ இருவரோதான். ஆனால் அவர்களை வழியனுப்ப ஒரு வேன் போதாமல் இரண்டாவது வேனும் ஊரிலிருந்து கிளம்புகிறது. காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கும் அதிகம். வண்டி வாடகை, ஓட்டுநர் படி, இருபது பேருக்கு வழிநெடுகச் சாப்பாடு என்று செலவு வளர்கிறது. வேலைக்குப் போகும் இளைஞனின் வீட்டில் இத்தொகை பெரும்பாலும் கடனாகவே வாங்கப்படுகிறது. முதல் மாதச் சம்பளம் கைக்கு வருமுன்பே அதில் ஒரு பகுதி வேன்காரருக்கு உரியதாகிவிடுகிறது.

இவ்வளவும் எதற்காக? விமான நிலைய வாசலில் நிற்கும் காவலர், பயணச்சீட்டு இல்லாதவரை உள்ளே விடுவதில்லை. இரவெல்லாம் கண்விழித்து வந்த முதியவர்கள் வாசலில் பத்து நிமிடம் ஸலாமும் துஆவும் சொல்லிவிட்டு அதே தொலைவைத் திரும்பவும் கடக்கவேண்டும். வாகனங்கள் வரிசையாக நிற்கும் பாதையில் நாம் கூட்டமாக நின்று முஸாஃபஹா செய்யும்போது, பின்னால் விமானத்திற்கு விரைகிற இன்னொரு குடும்பம் தவிக்கிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகவே நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். அந்த இடையூறாக நாமே ஆகிவிடலாமா?

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. விமான நிலையத்திற்கு எதிரே, ஜி.எஸ்.டி. சாலையின் மறுபுறம், திரிசூலம் ரயில் நிலையம் உள்ளது. கடற்கரை, தாம்பரம் நிலையங்களுக்கிடையே ஓடும் புறநகர் மின்ரயில் அங்கே நின்று செல்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து வரும் விரைவு ரயில்களில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கும். அங்கே இறங்கி மின்ரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். எழும்பூர் வரை போய்த் திரும்பும் அலைச்சல் இல்லை. ஊர் திரும்பும்போது எழும்பூரில் ரயில் ஏறவேண்டியவர்களுக்கும் திரிசூலத்திலிருந்து அதே மின்ரயில் நேராகச் செல்கிறது.

நகரத்திற்குள் போகவேண்டியவர்களுக்கு மெட்ரோ ரயில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் அது விமான நிலையத்தை எட்டியது. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலைச் சுரங்கப்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டதும், விமான நிலையத்தில் ஏறியவர் மாறி ஏறாமல் ஆயிரம் விளக்கு, சென்ட்ரல், உயர் நீதிமன்றம் வழியாக மண்ணடிக்கே போய் இறங்கலாம் என்றாயிற்று. நம் வணிகர்களும் உறவினர்களும் நிறைந்த மண்ணடிக்கு இப்படியொரு நேர்வழி கிடைத்தது பெரும் வசதி. அண்ணா சாலை நெரிசலில் சிக்காமல் செல்லலாம். 2021-இல் கட்டணம் குறைக்கப்பட்டபோது அதன் உச்ச வரம்பு 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாயிற்று. நிலையங்களில் மின்தூக்கிகள் உண்டு. பெண்களுக்குத் தனி இடமும் உண்டு. ஸம்ஸம் நீரும் பேரீச்சம்பழமும் பெட்டிகளுமாக வருவோர்க்கு இவை சிறிய உதவிகள் அல்ல.

“ரயிலில் அழைத்து வந்தால் ஊர் என்ன சொல்லும்?” என்ற தயக்கமே பல வீடுகளில் தடையாக நிற்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பைத்துல் முகத்தஸ் சென்றபோது, தம் பணியாளரும் தாமும் ஒரே ஒட்டகத்தில் முறைவைத்து ஏறினார்கள் என்ற வரலாற்றை மத்ரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஊருக்குள் நுழையும் வேளையில் முறை பணியாளருடையதாக இருந்தது. கலீஃபா நடந்தே வந்தார்கள். அதனால் அவர்களின் கண்ணியம் குறையவில்லை. இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கக் கற்பித்துவிட்டு, ஏறும் வாகனத்தை வைத்து நாம் மனிதரை அளந்தால் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? வீண்விரயத்தை ஸூரா பனீ இஸ்ராயீலின் 26, 27-ஆம் வசனங்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கின்றன என்பதை நாம் அறிவோம். உறவைப் பேணச் செய்யும் செலவு விரயம் ஆகாது என்று சிலர் வாதிடுவர். உறவைப் பேணுவது கடமைதான். கடன் வாங்கி வேன் பிடிப்பது அக்கடமையில் சேராது.

எல்லோரும் ரயிலில்தான் போகவேண்டும் என்பது என் கருத்தன்று. நடக்க இயலாத பெரியவர், கைக்குழந்தையோடு வரும் தாய், நோயாளி ஆகியோர்க்குக் கார் எடுப்பதே முறை. நள்ளிரவிலும் பின்னிரவிலும் இறங்கும் விமானங்கள் பல. அந்நேரத்தில் மெட்ரோ ஓடுவதில்லை. விடியும்வரை நிலையத்திலேயே காத்திருந்து ஸுப்ஹு தொழுதுவிட்டுப் புறப்படுவதோ, வாடகைக் கார் பிடிப்பதோ அவரவர் உடல்நிலையையும் வசதியையும் பொறுத்தது. சிரமத்தைத் தேடி ஏற்குமாறு மார்க்கம் நம்மைப் பணிக்கவில்லை. தேவைக்குச் செலவிடுவது வேறு, பெருமைக்குச் செலவிடுவது வேறு என்பதே நான் சொல்ல விழைவது.

ஆகவே மஹல்லா ஜமாஅத் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழியனுப்பும் துஆ மஜ்லிஸை ஊர்ப் பள்ளிவாசலிலேயே நடத்துங்கள். ஊரே அதில் கலந்துகொள்ளட்டும். விமான நிலையம் வரை ஒருவரோ இருவரோ உடன் சென்றால் போதும். வேனுக்கு எடுத்துவைத்த பணத்தைப் பயணியின் கையில் கொடுங்கள், அல்லது அவர் விட்டுச்செல்லும் வீட்டாரின் செலவுக்குக் கொடுங்கள். வசதியுள்ள குடும்பங்களே இதை முதலில் தொடங்கவேண்டும். அவர்கள் ரயிலில் சென்றால் அது எளிமை எனப்படும்; அதன்பின் ஏழை வீட்டுப் பிள்ளையும் தலைகுனியாமல் ரயிலில் செல்வான், இன்ஷா அல்லாஹ்.