கோல் யாருடையது?

1930ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று, உருகுவேயின் மோன்டெவிடியோ நகரில், முதல் உலகக் கோப்பைக் கால்பந்தின் ஓர் ஆட்டத்தில் அமெரிக்கா பராகுவேயை 3-0 என்று வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் பெர்ட் பேட்டனோட் என்ற இருபது வயது இளைஞர். ஆனால் ஏடுகள் நெடுங்காலம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டாவது கோல் அணித்தலைவர் டாம் ஃபுளோரியுடையது என்றது ஒரு பதிவு. பராகுவே வீரரின் சேம்சைடு கோல் என்றது இன்னொன்று. ஆகவே, இரண்டு நாள் கழித்து மூன்று கோல் அடித்த அர்ஜென்டினாவின் ஸ்தாபிலேவுக்கே உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் என்ற பெருமை போயிற்று. ஃபிஃபா அதைத் திருத்தியது 2006 நவம்பரில். பேட்டனோட் 1974இலேயே இறந்துவிட்டிருந்தார்.

அவர் பிறந்த ஃபால் ரிவர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பஞ்சாலை நகரம். பருத்தி ஏலமும் பனியன் கம்பெனி வண்டிகளும் அன்றாடமாகிவிட்ட மூலனூரில் அமர்ந்து இதைப் படிக்கும்போது, அந்த மனிதர் எனக்கு அந்நியராகத் தோன்றவில்லை.

கால்பந்து குழு ஆட்டமாயிற்றே, கோலை யார் அடித்தால் என்ன என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கியிராதவர்களுக்கு மட்டுமே எளிதில் வாய்க்கும் பெருந்தன்மை அது. எங்கள் தெருவில் ஓர் அக்கா, பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் தைப்பவர். ஒருமுறை அவர் தைத்த கட்டு பக்கத்து மெஷின்காரர் கணக்கில் ஏறிவிட்டது. “பணம் போனாப் போகுது தம்பி, நான் தெச்சதை நான் தெச்சதுன்னு எழுதோணுமல்ல?” என்றார். ஃபிஃபா அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள 76 ஆண்டுகள் ஆயின.

உரிமையை நிறுவுவது எப்படி? உரியவரின் சொல் போதாது. 2018 ஏப்ரலில் ஸ்டோக் அணிக்கெதிரான கோல் எரிக்சன் பெயரில் பதிவானபோது, பந்து தன் மேல் பட்டதென்று மகள் மீது ஆணையிட்டார் ஹாரி கேன். மேல்முறையீட்டில் கோல் அவருக்கே கிடைத்தது. அந்தப் பருவத்தில் சாலா 32, கேன் 30. ஆக, பரிசு மாறவில்லை. என்றாலும் ஆணையை எடைபோடும் தராசு எந்தக் குழுவிடமும் இல்லை. 2022 உலகக் கோப்பையில் உருகுவேக்கு எதிராகப் புருனோ ஃபெர்னாண்டஸ் அனுப்பிய பந்து வலைக்குள் சென்றதும், தன் தலை பட்டது என்று ரொனால்டோ கொண்டாடினார். பந்துக்குள் இருந்த, நொடிக்கு 500 முறை அளவெடுக்கும் உணரியில் அப்படி எந்தத் தொடுகையும் பதிவாகவில்லை. கோல் ஃபெர்னாண்டஸுக்கே நின்றது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆசை, உடம்பையும் சாட்சி சொல்லவைத்துவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2015 டிசம்பர் 20, ஐஎஸ்எல் இறுதியாட்டம், கோவாவின் ஃபடோர்டா மைதானம். சென்னையின் அணி 1-2 எனப் பின்தங்கியிருந்த 90ஆவது நிமிடத்தில் விழுந்த சமன் கோல், கோவா கோல்காப்பாளர் கட்டிமணியின் சேம்சைடு கோலாகவே ஏட்டில் இருக்கிறது. அடுத்து மென்டோசா அடித்து வென்றோம். நாம் துள்ளிக் குதித்தோம். நம் கொண்டாட்டத்தின் கணக்கில் ஒரு மனிதரின் பெயர் பழியாக நிலைத்துவிட்டது. பெருமையைப் பங்கிடும் அதே பேனாதான் பழியையும் எழுதுகிறது என்பதால் நிதானம் இரட்டிப்பாக வேண்டும்.

இலக்கை நோக்கி அடித்த பந்து எதிரணி வீரர் மேல் பட்டு உள்ளே சென்றால் அடித்தவருக்கு. வெளியே போகவிருந்த பந்தை அவர் திருப்பிவிட்டிருந்தால் அது சேம்சைடு. இங்கிலாந்தில் பின்பற்றும் இவ்விதி போதுமான அளவு தெளிவானது. என் கோரிக்கை அதற்கு மேல் மூன்றுதான்: ஆதாயம் இல்லாதவர் தீர்ப்பளிக்க வேண்டும், காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும், புதிய சான்று வந்தால், எத்தனை ஆண்டு கடந்திருப்பினும், ஏட்டைத் திறந்து திருத்த வேண்டும். பேட்டனோட் அதைக் காண உயிரோடு இல்லை. ஆனாலும் திருத்தியது சரியே.