சர்க்கரை மாத்திரை சொல்லும் சேதி

சாலைக் கம்போளத்தில் மூட்டை சுமப்பவருக்கு முதுகு. நாள் முழுவதும் குனிந்து எழுதும் குமாஸ்தாவுக்குக் கழுத்து. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு முழங்கால். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரிவதில்லை. "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இப்படிக் கேட்டுத் திரும்பியவர்கள் திருவனந்தபுரத்துத் தமிழர்களில் குறைவல்ல. பிறகு லீவு கேட்டால் மேஸ்திரியும் நம்புவதில்லை, மேலதிகாரியும் நம்புவதில்லை.

இந்த "மனப்பிரமை" வாதத்துக்குச் சாட்சியாகப் பலரும் இழுத்து வருவது பிளாசிபோவை. மருந்துச் சத்து ஏதுமில்லாத வெறும் மாத்திரைக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் அது. லத்தீன் மொழியில் 'மகிழ்விப்பேன்' என்று பொருள். வெறும் சர்க்கரையில் வலி குறைந்தால் அந்த வலியே பொய்தானே என்கிறார்கள். கேள்வி நியாயமாகத் தோன்றும். விடை நேர்மாறானது.

1978-ல் அமெரிக்காவில் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய மூவர், கடைவாய்ப் பல் எடுக்கப்பட்டவர்களிடம் ஒரு சோதனை நடத்தினர். வெறும் மருந்திலேயே வலி தணிந்தவர்களுக்கு நலக்ஸோன் என்ற மருந்தைச் செலுத்தியபோது வலி மீண்டும் ஏறியது. மார்பினின் வேலையைத் தடுப்பது நலக்ஸோன். மார்பினே கொடுக்கப்படாதவர்களிடம் அது எதைத் தடுத்தது? உடம்பு தானே சுரந்துகொண்ட, மார்பினை ஒத்த பொருளைத்தான் எனக் கொள்வதே பொருத்தம். ஆக, நிவாரணம் உடம்புக்குள் நடந்த காரியமே தவிர, பிரமை அன்று.

ஏமாற்றினால்தான் இது பலிக்கும் என்ற எண்ணமும் ஆட்டம் கண்டுவிட்டது. லிஸ்பனில் நடந்து 2016-ல் வெளிவந்த ஆய்வில், நாட்பட்ட இடுப்பு வலிக்காரர்களிடம் "இதில் மருந்தில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். கூடவே, அது எப்படி வேலை செய்யக்கூடும் என்று உட்கார்ந்து விளக்கினார்கள். வழக்கமான சிகிச்சையோடு இதையும் மூன்று வாரம் உண்டவர்களுக்கு வலி சுமார் 30 சதவீதம் குறைந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 9 சதவீதம்தான். சர்க்கரையின் மகிமையா இது? உட்கார்ந்து பேசியதற்கும் இதில் பங்கு உண்டு எனலாம்.

எல்லை இல்லாமலும் இல்லை. 2011-ல் ஆஸ்துமாக்காரர்களிடம் நடந்த ஆய்வில், வெறும் மருந்தை இழுத்தவர்களும் நிஜ மருந்தை இழுத்தவர்களைப் போலவே "தேவலை" என்றார்கள். ஆனால் நுரையீரலின் திறனை அளந்தபோது நிஜ மருந்தில் 20 சதவீதம், போலியில் 7 சதவீதமே உயர்ந்திருந்தது. தேறியதுபோல் தோன்றுவது வேறு, தேறுவது வேறு. வலியில் மட்டும் தோன்றுவதே பெரும்பகுதி. அதனால்தான் அங்கே இது பலிக்கிறது.

இந்த உண்மையைக் காசாக்குகிறவர்களும் உண்டு. ஊசி போடாத டாக்டர் டாக்டரே அல்ல என்பது நம்மவர்களின் பழைய நம்பிக்கை. முதுகுவலி என்று போனால் ஒரு வைட்டமின் ஊசி, கையில் நாலு வர்ண மாத்திரை. இரண்டு நாள் சுகம். மூன்றாம் நாள் மறுபடியும் கூலியில் பாதி அங்கே போகிறது. நோயாளியிடம் உண்மையைச் சொல்லியே பலன் காண முடியும் என்று தெரிந்த பிறகும் இப்படிச் செய்வதை வைத்தியம் என்று சொல்ல மனம் வரவில்லை.

புற்றுநோய் வலிக்கு வார்த்தை மட்டும் போதாது, மார்பின் வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதை ஆஸ்பத்திரிகளுக்கே எட்டாக்கனி ஆக்கிவிட்டது. 2014-ல் பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. அதற்காகப் பாடுபட்டவர்களில் முன்னின்றவர், இதே திருவனந்தபுரத்தில் 2003-ல் 'பாலியம் இந்தியா'வைத் தொடங்கிய டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால். அவர் சார்ந்த வைத்திய முறைக்கு லண்டனில் வித்திட்ட சிஸிலி சாண்டர்ஸ், உடம்பு நோவோடு பயம், கடன், தனிமை எல்லாம் சேர்ந்ததே வலி என்றார். ஊரை விட்டு வந்து ஒற்றை அறையில் கிடப்பவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

டாக்டரின் சொல்லுக்கு இவ்வளவு சக்தி உண்டென்றால் அந்தச் சொல் நோயாளிக்குப் புரிய வேண்டாமா? மலையாளத்தில் உடம்பு நோவுக்கு 'வேதன' என்பார்கள். 'வலி' என்றால் இழுத்தல். ஊரிலிருந்து புதிதாக வந்தவர் "வலிக்குது சார்" என்று தொடங்கினால் முதல் வார்த்தையே தடுமாறுகிறது. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு என்ற வித்தியாசங்களை அவர் எந்த மொழியில் சொல்வார்? நகரத்தில் தமிழ் புரிந்த டாக்டர்கள் பலர் உண்டு, ஆனால் ஓ.பி. வரிசை நீளம், ஆளுக்குக் கிடைப்பதோ சில நிமிடம். வலி சிகிச்சைப் பிரிவுகளிலாவது தமிழில் விசாரித்து எழுதிக்கொள்ள ஒரு நர்ஸை அமர்த்துவது அரசுக்குப் பெரிய செலவாகாது. அதுவரை மலையாளம் தெரிந்த கூட்டாளி ஒருவர் கூடப் போகலாம். அரை நாள் கூலி போகும், அவ்வளவுதான்.